கற்றுக்கொடுத்த குரல்

காக்கை கரிச்சான் குருவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, இருவரும் ஒப்பந்தம் போட்ட மாலையில்தான். வல்லூறு வந்தால் சேர்ந்து விரட்டுவது என்று பேச்சு.

“உங்க ஆபத்துக் குரலைச் சொல்லிக் கொடுங்கண்ணே. உங்க கூட்டுப் பக்கம் அவன் வந்தா நான் கத்துறேன்” என்றது கரிச்சான்.

நாளைக்கு அதையே கத்தி நம்மைப் பயமுறுத்திவிட்டு, நம் சோற்றைத் தின்பான் என்று காக்கைக்குச் சந்தேகம். ஆகவே, இனத்தைச் சோற்றுக்குக் கூப்பிடும் குரலைக் கற்றுக்கொடுத்தது.

மறுநாள் காக்கைகள் படையலைக் கொத்திக்கொண்டிருந்தபோது, கூட்டுப் பக்கமிருந்து கரிச்சான் அந்தக் குரலில் விடாமல் கத்தியது.

“சோத்து மேல உட்கார்ந்திருக்கிற நம்மளச் சோறு தின்னக் கூப்பிடுறான் பாருய்யா!” என்று மற்றக் காக்கைகள் சிரித்தன.

அந்தக் காக்கை மட்டும் பதறிப் பறந்தது. அதற்குள், தனியாக மோதிய கரிச்சானை வல்லூறு தூக்கிக்கொண்டு போயிருந்தது.

காக்கையின் குஞ்சுகள் மூன்றும் கூட்டில் இருந்தன.