உங்கள் வேகம்

சவுரிராயன் கார் அடித்துச் செத்த பிறகுதான் திண்டிவனம் ரோட்டில் அந்த போர்டை வைத்தார்கள். எதிரே வரும் வண்டியின் வேகம் அதில் சிவப்பு எண்ணாக எரியும். ஒன்றும் வராவிட்டால் அணைந்துவிடும்.

அவன் பெண்சாதி ஆரோக்கியசெல்வி தினமும் அந்த வழியாகத்தான் கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லுக்கு பஸ் ஏறப் போகிறாள். அவள் நடைக்கு போர்டு ஐந்து காட்டும்.

போன வாரம், செருப்பு வாரைச் சரிசெய்ய போர்டுக்கு முன்னால் நின்றாள். ரோடு காலியாக இருந்தது. ஐந்து அணைந்து மூன்று எரிந்தது.

"புது மெஷினு, அதுக்குள்ள பேஜாரு பண்ணுது பாரு" என்றாள், கூட மில்லுக்கு வரும் காந்திமதி.

ஆரோக்கியசெல்வி அந்த மூன்றையே பார்த்தாள். சவுரிராயனுக்கு இடது கால் இழுக்கும். எங்கே போனாலும் இவளுக்குப் பின்னால்தான் வருவான். அன்றைக்கு மட்டும்தான், பஸ் போய்விடும் என்று இவள் கத்தியதில், ஓடிவந்தான்.

இன்று காந்திமதி வரவில்லை. ஆரோக்கியசெல்வி போர்டுக்கு முன்னால் நின்றாள். மூன்று எரிந்தது. போர்டைத் தாண்டியிருந்த ஸ்டாப்பில் விழுப்புரம் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. மூன்று நான்காகி, ஆறாகி, ஏழானது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓடாதய்யா. மெதுவா வா. அடுத்த பஸ்ஸுல போய்க்கலாம்."

பஸ் கிளம்பிப் போனது. போர்டில் மறுபடியும் மூன்று எரிந்தது.