கரி படாத இஞ்சின் அறை

மாலை வெயில் குவார்ட்டர்ஸ் ஜன்னல் வழியாக வந்து டிவியின் மேல் விழுகிறது. திரையில் விண்கலத்தின் இஞ்சின் அறை நீலமாக மினுங்குகிறது. தலைமைப் பொறியாளர் கண்ணாடிப் பலகையை விரலால் தடவ, கலம் குலுங்கி அடங்குகிறது. ஷிஃப்ட் முடித்து வந்த அனல்மின் நிலையப் பொறியாளர் தேவயானி சிரிக்கிறாள். “இஞ்சின் ரூமாம்! ஒரு பொட்டு கரி உண்டா பாரு. சட்டைகூட கசங்கல.” வாசலருகே தரையில் உட்கார்ந்திருப்பவள், கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியைக் கூட்டி அள்ளும் கான்ட்ராக்ட் பெண். கேட் பாஸ் படிவத்தை நிரப்பித் தரச் சொல்லிக் கையெழுத்து வாங்க வந்திருக்கிறாள். குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள், ஆனாலும் காது மடிப்பில் கரி கோடாக நிற்கிறது. கண் கொட்டாமல் பார்த்தவள் மெதுவாகக் கேட்கிறாள்: “எல்லாரும் பட்டன அமுக்கிக்கினு நிக்கிறாங்க. கூட்டி அள்றவங்கள காட்டவே இல்லியே மேடம்?” தேவயானியின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. நாற்காலி முதுகில் அவளுடைய சீருடைச் சட்டை மடிப்புக் கலையாமல் தொங்குகிறது. படிவத்தை வாங்கி மடியில் வைத்துப் பேனாவைத் திறக்கிறாள். முதல் கட்டத்தில் தொழிலாளியின் பெயர் எழுத வேண்டும். ஐந்து வருடமாக “ஏம்மா, இங்க வா” என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். பேனா முனை காகிதத்தைத் தொட்டபடியே நிற்கிறது. “எழுதுங்க மேடம்,” என்கிறாள் அவள் சிரித்தபடி. “எம்பேரு உங்களுக்குத் தெரியாததா?”