உடையாத பூனைக்கண் ஃப்ரேம்

மூக்குக்கண்ணாடிக்குப் பூனைக்கண் ஃப்ரேம்தான் போட வேண்டும் என்று கல்யாணமான புதிதில் சொன்னவர் என் கணவர். எத்தனையோ ஃபேஷன் வந்து போயும் அவருக்காக நான் மாற்றவில்லை. இன்று காலை அது உடைந்துவிட்டது. வெறும் முகத்தோடு காபி கொடுத்தேன்.

“இந்த ஃப்ரேம்ல நீ தனி அழகுடி, வாசவி” என்றார்.

அவருடைய ஸ்மார்ட் கண்ணாடி எதையும் அவருக்குப் பிடித்தபடி மாற்றிக் காட்டும். ஜன்னலுக்கு வெளியே ஓடும் கூவத்தை மட்டும்தான் நீலமாக்கிப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அவர் குளிக்கப் போனதும் அந்த ஸ்மார்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பீரோ கண்ணாடி முன் நின்றேன். பூனைக்கண் ஃப்ரேம் உடையாமல் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ ஒருத்தி என்னைப் பார்த்து விழித்தாள்.

“துண்டு எடுத்துக் குடுடி!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அவளையே குடுக்கச் சொல்லுங்க” என்றேன்.