சாயும் திரை

"ஜூலை 9. சிறு பிழை. லேப்டாப்பை மாற்றலாமா என்று போட்ட பட்டியலில், 'வேண்டாம்' பக்கம் சகாயராஜின் பெயரை எழுதிவிட்டேன்."

வேணி அதை அடிக்கவில்லை. சிலேட்டுக் கனம்தான் அந்தப் பழைய லேப்டாப். ஆனால் கீல் தளர்ந்து, திரை பின்னால் சாய்ந்துவிடும். மாலை ஜெர்மன் வகுப்பில் அவளுக்கு இடப்பக்கம் உட்காரும் சகாயராஜ்தான் அதை வலது கையால் தாங்கிக்கொண்டிருப்பான்.

"புதுசு வாங்கிருங்க வேணி. கை மரத்துப்போச்சு," என்றான் இன்று.

"வாங்கிட்டா உங்க கைக்கு என்ன வேலை?"

"எனக்கும் பரீட்சை இருக்குங்க!" சிரித்தான். கையை மட்டும் எடுக்கவில்லை.

அப்போதுதான் அவன் நோட்டைப் பார்த்தாள். ஒரு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை.

இரவு, நாட்குறிப்பை மூடுமுன் எழுதினாள்: "நாளை அவருக்கு இடப்பக்கம் உட்கார வேண்டும். இடது கை திரையைத் தாங்கட்டும், வலது கை எழுதட்டும்."