பெரிய கை

"கிவ் ஹிம் எ பிக் ஹேண்ட்!" என்றார் மேடையில் நின்ற வெளிநாட்டு பிளான்ட் ஹெட்.

அவர் ஆங்கிலத்தில் பேசப் பேச அதைத் தமிழில் சொல்வது எச்.ஆர். பிரிவு சசிரேகாவின் வேலை. மைக்கை வாயருகே கொண்டுபோனவள், முன்வரிசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

அங்கே கனகம் எழுந்து நின்றிருந்தாள்.

ஒரகடத்தில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் அன்று விழா. விபத்தே இல்லாமல் ஒரு வருஷம் ஓடியிருந்தது. கடைசியாக அடிபட்டவர் கனகத்தின் கணவர் திருமலை. பிரஸ் மெஷினில் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அதற்காகத்தான் இன்று மேடையேற்றி ஒரு சால்வை.

செயற்கைக் கை ஒன்று கேட்டு ஆபீசுக்கு நடையாய் நடந்தவள் கனகம். எச்.ஆர். மேனேஜர் சிவசங்கர் 'பார்க்கலாம்' என்று சொல்லும்போதெல்லாம் அவளைக் கேட் வரை கொண்டுபோய் விட்டது சசிரேகாதான்.

கனகம் பத்தாவது வரை படித்தவள். கிவ் தெரியும். பிக் தெரியும். ஹேண்ட் தெரியும்.

"இன்னாம்மா சொல்றாரு?" மேடையைப் பார்த்துக் கேட்டாள். "எங்க வூட்டுக்காரருக்குக் கை குடுக்கறாங்களா?"

பலமாகக் கைதட்டுங்கள் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

மேடையில் திருமலை, மடித்துப் பின் குத்தியிருந்த சட்டைக் கையைச் சால்வைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டார்.

சசிரேகா, வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று ஒரு கணம் யோசித்தாள்.

பிறகு மைக்கில் சொன்னாள்.

"திருமலை அண்ணனுக்குக் கம்பெனியே புதுக் கை பொருத்திக் கொடுக்கப்போவதாக சார் அறிவிக்கிறார்!"

பந்தல் அதிர்ந்தது. லைன் லைனாக எழுந்து தட்டினார்கள். விசில் பறந்தது. கனகம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சிவசங்கர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். சுற்றிலும் பார்த்தார். மெல்ல உட்கார்ந்து அவரும் தட்டத் தொடங்கினார்.

பிளான்ட் ஹெட்டுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இவ்வளவு தட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சசிரேகாவின் பக்கம் குனிந்து, நான் சொன்னதைத்தானே சொன்னாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வார்த்தைக்கு வார்த்தை, சார்" என்றாள்.