ஒலிபெருக்கியின் கேட்டல் வகுப்பு

"இது திருட்டுச் சத்தம்," என்றார் பேராசிரியர்.

வகுப்பு மொத்தமும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. அங்கிருந்த மாணவி எழுந்து நின்றாள். சாதாரணமாகவே அவள் குரல் பக்கத்து இருக்கையைத் தாண்டாது.

அந்த மருத்துவக் கல்லூரியில் இந்த வருடம்தான் கேட்டல் பயிற்சி தொடங்கியிருந்தது. ஆரோக்கியமான ஒருவரின் நெஞ்சில் மின்னணு ஸ்டெதஸ்கோப்பை வைத்து, இதயத்துடிப்பைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். பேராசிரியர் அதை வகுப்பில் ஒலிக்கவிட்டு மதிப்பெண் போடுவார்.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஒலிபெருக்கி. யாராவது ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அவர்தான் முடித்து வைப்பார். காதின் அருமையைப் பற்றி முதல் வகுப்பில் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்.

அன்று அதுவரை எல்லோருக்கும் முழு மதிப்பெண்தான். முன்வரிசைக்காரன் ஒருவன் இணையத்திலிருந்து இறக்கிய ஒரே ஆடியோவைத்தான் அத்தனை பேரும் அனுப்பியிருந்தார்கள்.

"எங்க மாமா சார்," என்றான் அவன்.

"மாமா நூறு வருஷம் இருப்பார்."

"எங்க சித்தி சார்," என்றாள் அடுத்தவள். அதே சத்தம்.

பேராசிரியர் கண்ணை மூடி ரசித்தார். "பொம்பளைங்க இதயம் எவ்வளவு மென்மையாத் துடிக்குது பாருங்க. ஆளுக்கு ஆள் வித்தியாசம். காது இருந்தாத்தான் தெரியும்."

கடைசி பெஞ்சுக்காரியின் ஆடியோ மட்டும் வேறாக இருந்தது. லப்புக்கும் டப்புக்கும் நடுவே ரம்பம் அறுப்பதுபோல் ஒரு கரகரப்பு.

"அச்சு அசல் இதய வால்வு சுருக்கம்," என்றார் அவர். "ஆரோக்கியமான ஆளைப் பதிவு பண்ணச் சொன்னா, இன்டர்நெட்ல போய் நோயாளியைத் தேடிப் புடிச்சிருக்கா. திருடுறதுக்கும் கொஞ்சம் மூளை வேணாமாம்மா?"

முன்வரிசைக்காரன்தான் பெரிதாகச் சிரித்தான்.

"சார், நானே பதிவு பண்ண..."

"நான் கேக்கும்போது குறுக்க பேசாதே. போன வாரம் உன்னைத்தானே முன்னாடி கூப்பிட்டேன்? என் சட்டைப் பொத்தானைக் கழட்டிக்கிட்டு, மெஷினை உன் கையில குடுத்து, எப்படிப் பதிவு பண்றதுன்னு பழக்கினேன். எல்லாம் வீண்."

"இல்ல சார், அது..."

"அதுவும் வேணாம், இதுவும் வேணாம். உனக்கு பூஜ்யம். செய்முறைத் தேர்வுக்கும் நீ வர வேண்டாம்."

செய்முறைத் தேர்வு இல்லையென்றால் ஒரு வருடம் போயிற்று. வீட்டில் என்ன சொல்வது? அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த தோழி அவளைக் கிள்ளினாள். "சொல்லித் தொலையேன்டி."

பேராசிரியர் விடுவதாக இல்லை. ஆடியோவை மறுபடி ஒலிக்கவிட்டார்.

"எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க. இந்த ஆளு மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும். என்னன்னு கேட்டா வயசாயிடுச்சும்பான். உடனே ஆபரேஷன் பண்ணலேன்னா ரொம்ப நாள் தாங்க மாட்டான். ஒருநாள் பேசிட்டு இருக்கும்போதே சுருண்டு விழுவான். இத்தனை வருஷத்துல என் காது ஒரு தடவைகூடத் தப்பினதில்ல, எழுதிக்குங்க."

வகுப்பு எழுதிக்கொண்டது.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நீ சொல்ற மாதிரி நீயே பதிவு பண்ணியிருந்தா, அந்த ஆளு இந்நேரம் ஆஸ்பத்திரியில படுத்திருக்கணும். எங்க, சொல்லு பார்ப்போம். யாரோட நெஞ்சும்மா இது?"

கேட்டுவிட்டு, அதிசயமாக, அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

"உங்களோடது சார்."