ஒன்று நின்றால் இன்னொன்று

"பீப்! பீப்! பீப்!"

மானிட்டரில் சிவப்பு எரிந்ததும் நெட்வொர்க் பொறியாளர் உமாதேவி திரையருகே குனிந்தாள். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த முதல் நெட்வொர்க் பெட்டி உயிரை விட்டிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு மேலாளர் கிருஷ்ணராஜ் வந்தார்.

"என்னாச்சு உமா? ஆபரேஷன் தியேட்டர்ல மண்டையைத் திறக்கப் போறாங்க! பெங்களூர் டாக்டர் வீடியோவுல பார்த்துச் சொன்னாத்தான் நம்ம டாக்டர் கத்தியே வைப்பார். நெட்வொர்க் போச்சுன்னா விபத்துல அடிபட்டு வந்த அந்த ஆட்டோ டிரைவர் கதி?"

"வீடியோ ஓடிட்டுதான் சார் இருக்கு, பாருங்க."

ஓடியது. திரையில் பெங்களூர் மருத்துவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி போச்சே, அப்புறம் எப்படி?"

"கீழே ரெண்டு பெட்டி சார். கேபிள் போட்டு ஒண்ணா இணைச்சிருக்கோம். சாதாரணமா டேட்டாவை ரெண்டும் பங்கு போட்டு அனுப்பும். ஒண்ணு போனா இன்னொண்ணு மொத்தத்தையும் இழுத்துக்கும். தியேட்டருக்கு ரெண்டுலேர்ந்தும் லைன் போகுது."

"புதுசு ஒண்ணை மாட்டிட்டு ஆரம்பிக்கலாமே?"

"எந்தப் பெட்டியானாலும் ஆன் பண்ணினா முழுசா எழுந்து வேலைக்கு வர பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் அந்த டிரைவர் தாங்குவாரா?"

கிருஷ்ணராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"தாங்கமாட்டார். ஆனா இன்னொண்ணும் போச்சுன்னா?"

"இன்னிக்கு முன்னாடி ஆறு வருஷத்துல ஒண்ணுகூடப் போனதில்ல. ஒரே நாள்ல ரெண்டுமா போகும்? என் பொறுப்பு சார், ஆரம்பிக்கச் சொல்லுங்க."

அவர் தியேட்டருக்குப் போன் போட்டார். சற்று நேரத்தில் திரையில் கத்தி இறங்கியது. உமாதேவி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

திரை கறுத்தது.

கிருஷ்ணராஜ் போனைத் தட்டிப் பார்த்தார். அதே நெட்வொர்க்கில் ஓடும் அதுவும் ஊமை. தியேட்டரை நோக்கி அவர் ஓட, உமாதேவி இரண்டிரண்டு படியாகத் தாவி அடித்தளத்துக்கு இறங்கினாள். ஒரே நாளில் ரெண்டா? எப்படி?

பெட்டிகள் இருந்த அறை திறந்து கிடந்தது. உள்ளே ஹனூர்க்காரர் ஜடையன், ஆஸ்பத்திரியின் எலக்ட்ரீஷியன், வாயெல்லாம் பல்லாக நின்றார். நெற்றியில் குங்குமம், கையில் பொரித் தட்டு.

"ஏனுங்க மேடம் இப்படி ஓடியாறீங்க? ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு பாத்துக்கும்னு நீங்கதானுங்களே போன வாரம் சொன்னீங்க, அதான் ஆயுத பூசைக்கு முதப் பெட்டியை நிறுத்தித் தொடச்சுப் பொட்டு வெச்சுப்போட்டு, இப்பத்தான் அதைப் போட்ட கையோட ரெண்டாவதை நிறுத்துனேனுங்க!"